பன்னிரண்டாவது நட்டு

மணி அஞ்சே முக்கால். சாயங்காலம்தான். ஆனால் அந்த ரோட்டில் அஞ்சே முக்காலுக்கே இருட்டிவிடும்.

மேற்கே சுரங்கத்து மண்மேடு. தோண்டின மண்ணைக் கொட்டிக் கொட்டி மலை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதற்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே இறங்கிவிடும். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் வெயில் இருக்கும். டவுன்ஷிப்பில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு ரோட்டில் மட்டும் வெளிச்சம் போய்விடும். ஒரு பக்கம் முந்திரிக்காடு. மறுபக்கம் சுரங்கத்திலிருந்து இறைத்துவிடுகிற தண்ணீர் ஓடும் கால்வாய். எதிரே ஒரு வண்டி வந்தால் ஆச்சரியம்.

கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற விஷயம் இல்லை இது.

என்னோடு ஷிப்ட் பார்க்கிற அருளை உங்களுக்குத் தெரியும். அவனுடைய அக்கா மலர்கொடி. அக்கா வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன். அந்தக் கொளஞ்சிக்கு நடந்தது. போன மாசி மாசம்.

கொளஞ்சிக்குக் கண்ணாடி வேலை. வீட்டு ஜன்னல் இல்லை. சுரங்கத்து மெஷின்களில் ஆபரேட்டர் உட்கார ஒரு கேபின் இருக்கும், அதன் கண்ணாடி கல் பட்டு உடையும். அதை மாற்றிப் பொருத்த கான்ட்ராக்டில் போவான். மலர்கொடியும் கூடப் போவாள். ரெண்டு ஆள் வேலை அது. வெளியே நிற்கிறவர் போல்ட்டைத் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கிறவர் நட்டை அசையாமல் பிடிக்க வேண்டும். மெஷின் இரைச்சலில் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்காது. அதனால் தட்டித்தான் பேசுவார்கள். ஒரு தட்டு என்றால், பிடித்துவிட்டேன், முறுக்கு. ரெண்டு தட்டு, நிறுத்து. மூன்று தட்டு... ஆள் உள்ளே இருக்கிறேன், மூடாதே. முதல் ரெண்டிலும் கிண்டல் கேலி நடக்கும். மூன்றில் மட்டும் ஒரு நாளும் விளையாடினது இல்லை.

நான்கு தட்டு என்றும் ஒன்று உண்டு. அது வேலைக்கானது இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் ரெண்டு பேருமே வாயை மூடிக்கொள்கிற ரகம். ஒரு நாள், ரெண்டு நாள் கூடப் பேச மாட்டார்கள். யாருக்கு முதலில் மனசு இளகுகிறதோ அவர் கண்ணாடியில் விரல் நுனியால் மெதுவாக நான்கு தரம் தட்டுவார். அவ்வளவுதான், சண்டை முடிந்தது. கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷத்தில் இதை யாருக்கும் சொன்னதில்லை. அருளுக்கே இதெல்லாம் நடந்த பிறகுதான் கொளஞ்சி சொன்னான்.

அந்த ரோட்டில் ஒரே ஒரு ஷெட். அப்துல் வாஹித் பாயுடையது. பழைய ஜெனரேட்டர், பழைய பஸ், எதையும் வாங்கிப் புதுசாக்கி விற்கிற மனுஷர். மாசி பிறந்ததும் புதுச்சேரியிலிருந்து லாரியில் ஒரு பாய்மரப் படகைக் கொண்டுவந்து இறக்கினார். முப்பது அடி நீளம். வெள்ளை பெயின்ட் மஞ்சளாகிப் போயிருந்தது. பாய்மரத்தைக் கழற்றிப் பக்கத்தில் கிடத்தி, படகை மரக்கட்டைகள் மேல் நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒருத்தர் விடுதி நடத்துகிறாராம், அவருக்கு. கடல் எங்கே, நெய்வேலி எங்கே. ரெண்டு நாள் ஊரே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

படகின் பக்கவாட்டில், இந்தப் பக்கம் மூன்று அந்தப் பக்கம் மூன்று, நீளநீளமாக ஆறு ஜன்னல். திறக்கிற ஜன்னல் இல்லை. வெளிச்சத்துக்காகப் பதித்தது. ஆறும் ஒழுகியது.

"உன் மெஷின் கேபினுதான் கொளஞ்சி இது. கொஞ்சம் நீட்டி வச்சிருக்கான்" என்றார் பாய்.

"என் கேபினு தண்ணில மெதந்ததில்ல பாய்."

"நீ ஒழுங்கா ஒட்டு. மெதக்கும். இது நல்லா வந்துச்சுன்னா ரெண்டு பேரும் இங்கயே இருந்துடுங்க. கான்ட்ராக்ட் கான்ட்ராக்ட்டுன்னு எத்தினி நாளு அலைவீங்க?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கொளஞ்சி ஒத்துக்கொண்டான். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு லாரி வரும். அதற்குள் ஆறு ஜன்னலும் ஒட்டிக் காய்ந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பழசைக் கழற்றினார்கள். கண்ணாடி இல்லை, கெட்டியான பிளாஸ்டிக். வெயில் தின்று உள்ளுக்குள் மயிரிழை மயிரிழையாக விரிசல் விட்டு வெளுத்துப் போயிருந்தது. வெளியே பசை கோடு போட்ட மாதிரி நேராக, சுத்தமாக இருந்தது. யாரோ நல்ல வேலைக்காரன் போட்டது.

உள்ளே அப்படி இல்லை.

உள்ளேயும் பசை அப்பியிருந்தது. ஜன்னலின் நான்கு ஓரமும், ஆறு ஜன்னலுக்கும். பசைத் துப்பாக்கியில் வைத்துப் போடவில்லை. தகட்டால் வழிக்கவில்லை. வெறும் விரலால் அள்ளி அள்ளித் திணித்திருந்தது. அவசரம் அவசரமாக. விரல் இழுத்த தடம் அப்படியே இறுகிப் போயிருந்தது. ஜன்னலுக்கு உள்பக்கமாக நின்றுகொண்டு, தன்னை உள்ளே வைத்து அடைத்துக்கொண்ட மாதிரி...

மலர்கொடி அந்தத் தடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். நான்கு விரலும் கச்சிதமாகப் பொருந்தியது.

"யோவ் மாமா, எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்குது பாரு" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். அன்றைக்கு முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே ஒரு வாடை. உப்பும் பழைய டீசலும் இருக்கத்தான் செய்யும். அதற்குக் கீழே இன்னொன்று. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுத்தால் தலையணை மறுநாள் ஒரு நாற்றம் நாறும் இல்லையா... அது.

புதன்கிழமை புதுசு பொருத்தினார்கள். பழசை வைத்து வரைந்து அறுத்த புது ஷீட். கீறல் விழாமல் இருக்க ரெண்டு பக்கமும் பழுப்புக் காகிதம் ஒட்டியே வரும். கடைசியில்தான் அதை உரிப்பார்கள். அதனால் ஷீட்டை வைத்துவிட்டால் உள்ளே இருக்கிறவர் முகம் வெளியே தெரியாது. சுற்றிலும் கறுப்புப் பசை போட்டு, ஷீட்டை அழுத்தி, ஒரு ஜன்னலுக்குப் பன்னிரண்டு போல்ட். ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. முறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும், ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பாதி முறுக்கி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் கால் சுற்று. கொளஞ்சி வெளியே சாரத்தில் நிற்பான். மலர்கொடி உள்ளே ஸ்பேனரோடு குந்தியிருப்பாள். கால்வாய்க் கரையில் ராட்சச பம்பு ஒன்று ராத்திரி பகல் இல்லாமல் உறுமிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் இங்கேயும் தட்டுதான் பேச்சு.

நான்காவது ஜன்னலில் ஒரு விஷயம் நடந்தது.

ஷீட்டை வைத்துவிட்டுக் குனிந்து போல்ட்டை எடுத்தான் கொளஞ்சி. இன்னும் துளையில் விடவில்லை. 'டக்' என்று ஒரு தட்டு. பிடித்துவிட்டேன், முறுக்கு.

பின்பக்கம் போய் வாசல் வழியாகத் தலையை நீட்டினான். "போல்ட்டே வுடல. அதுக்குள்ள என்னாத்த புடிச்ச?"

"நான் எங்க தட்டுனன்? நீதான தட்டுன!"

"நான் ஏன்டி தட்டப் போறன்?"

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அவள் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஸ்பேனர் ரெண்டடி தள்ளிப் பலகை மேல் கிடந்தது.

ஐந்தாவது முடியும்போது மணி நாலு. மலர்கொடி வெளியே வந்து படகின் மேல்தளத்தில் உட்கார்ந்தாள். வெயிலில் உட்கார்ந்தும் அவளுக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்திருந்தது.

"ஆறாவத காலைல ஒட்டிக்கலாம் மாமா. வா, வூட்டுக்குப் போவலாம்."

"காலைல லாரி வந்துடும்டி. ராத்திரி காயணும் இல்ல?"

"உள்ள குந்திக்கினு இருக்கறது நானு. உனக்கென்ன, காத்தாட வெளிய நிக்கற. என் முதுவுக்குப் பின்னால யாரோ மூச்சு வுடற மாதிரியே இருக்குது."

கொளஞ்சிக்கு பாய் சொன்ன வார்த்தைதான் காதில் நின்றது. "சுரங்கத்துல வேல பாத்தவ, ஒரு பொம்ம படகுக்குப் பயப்படற. சேத்தியாத்தோப்புல உங்கம்மா வூட்டுல போயி சொல்லு. கைகொட்டிச் சிரிப்பாங்க."

அம்மா வீட்டை இழுத்திருக்கக் கூடாது. அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள். அப்புறம் பேச்சே இல்லை. பசையைக் கலந்து, டேப் ஒட்டி, ஷீட்டைத் தூக்கிப் பொருத்தும்வரை ஒரு வார்த்தை இல்லை.

கொளஞ்சி ஆறாவது ஜன்னலின் முதல் போல்ட்டை விட்டபோது மணி அஞ்சே கால். டக். முறுக்கினான். ரெண்டு. டக். மூன்று. டக். மண்மேட்டு நிழல் ஷெட்டுக்குள் ஊர்ந்து வந்துவிட்டது. எட்டாவதில் பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. கோபம் என்று நினைத்தான். அப்புறம் டக் என்றது. ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டாவது நட்டும் உட்கார்ந்தது.

பாதி முறுக்கு. அளவாக. அவள் பிடித்தால்தான் அப்படி உட்காரும்.

டேப்பை உரித்துக்கொண்டிருந்தான்.

டக். டக். டக்.

மூன்று.

"முடிஞ்சிடுச்சு, வா வெளிய" என்று குரல் கொடுத்தான். பம்பு உறுமியது.

டக். டக். டக்.

"மாமா."

குரல் கீழேயிருந்து வந்தது. திரும்பினான். சாரத்துக்குக் கீழே மலர்கொடி நின்றுகொண்டிருந்தாள். கையில் டீ வாங்குகிற தூக்கு. ரெண்டு காகிதக் கப். அண்ணாந்து சிரித்தாள்.

முதலில் அவனுக்குச் சந்தோஷம்தான் வந்தது. கோபம் தணிந்து அவளே முதலில் பேசிவிட்டாள். "எப்படி எறங்குன?" என்றான். "எப்ப போன நீ?"

"எட்டாவது நட்டுலயே. பாய் கூப்புட்டாரு, டீ வாங்கியாறச் சொன்னாரு."

பாய் மத்தியானமே லாரி பேசப் பண்ருட்டிக்குப் போயிருந்தார்.

கொளஞ்சி கையிலிருந்த டேப்பைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். "அப்ப... ஒம்போதாவதுலேருந்து யாரு புடிச்சது?"

அவள் தூக்கை உயர்த்திக் காட்டினாள். "எறங்கி வா மாமா. டீ ஆறிடப் போவுது."

டக். டக். டக்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "காத்து" என்றாள்.

முந்திரிக்காட்டில் ஓர் இலை அசையவில்லை.

அவன் நெஞ்சுக்குள் அந்த விரல் தடம் ஓடியது. உள்ளே நின்று தன்னை அடைத்துக்கொண்ட அந்தக் கை. அது போகவில்லை. இத்தனை நாளும் உள்ளேயே இருந்திருக்கிறது. தான்தான் ஆறு ஜன்னலையும் புதுசாக அடைத்து, அதற்கு நட்டும் பிடிக்கக் கொடுத்து... கால் தானாகச் சாரத்தின் ஏணியைத் தேடியது. ஒரு படி இறங்கினான். அவள் பக்கத்தில் போய்விட்டால் போதும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டால் போதும். ரெண்டாவது படி.

உள்ளே தட்டு வேகமானது. மூன்று, மூன்று, மூன்று என்று. பிறகு உள்ளங்கையால். பிறகு ரெண்டு கையாலும். படகின் உடம்பு முழுக்க அதிர்ந்தது. ஈரப் பசை ஜன்னல் ஓரத்தில் மெல்லப் பிதுங்கியது. அவன் மூன்றாவது படியும் இறங்கிவிட்டான்.

சட்டென்று நின்றது.

ஒன்றும் இல்லை. பம்பு மட்டும். எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. தன் மூச்சைத் தானே கேட்டுக்கொண்டு ஏணியில் நின்றிருந்தான்.

அப்புறம்... விரல் நுனியால். மெதுவாக. கேட்டதா இல்லையா என்கிற அளவுக்கு.

ஒன்று. ரெண்டு. மூன்று.

நான்கு.

ஜன்னலைப் பார்க்கவில்லை அவன். கீழே பார்த்தான். தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கேட்டுக்கொண்டிருந்தாள். புருவம் சுருங்கியிருந்தது.

"அது என்னா மாமா, நாலு?"

அவ்வளவுதான். ஏணியில் மேலே பாய்ந்தான். அவன் முகம் எப்படி இருந்திருக்குமோ, அவளும் புரிந்துகொண்டுவிட்டாள். மேல்தளத்தில் விழுந்து எழுந்து பின்பக்கம் ஓடினான். படகின் வாசலை ரெண்டு பலகையைச் செருகித்தான் மூடுவார்கள். அந்தப் பலகைகளைக் காலையில் அவனேதான் உருவி ஷெட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். இப்போது ரெண்டும் வாசலில் செருகியிருந்தன. வெளிப்பக்கத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. தாழ்ப்பாளில் தண்ணீர் சொட்டியது.

கையை வைத்தான்.

கீழேயிருந்து அவள் பேசினாள். கத்தவில்லை. அந்தப் பம்பு இரைச்சலில் அவ்வளவு தள்ளி நின்று கத்தினாலே கேட்காது. இது அவன் காதுக்குள் வாயை வைத்துச் சொன்ன மாதிரி கேட்டது.

"தெறக்காத மாமா. அவ வெளிய வந்துட்டா... நான் எங்க போவன்?"

தாழ்ப்பாளை இழுத்தான். பலகை ஊறி, உப்பி, நகர மறுத்தது. காலால் உதைத்தான். தோளால் இடித்தான். மூன்றாவது இடியில் மேல் பலகை உடைந்தது. உடைந்த இடத்தில் முதலில் ரெண்டு கை வந்தது. மணிக்கட்டு வரை கறுப்புப் பசை. அப்புறம் மலர்கொடியின் முகம். வேர்வையில் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டி, உதடு வெளுத்து.

வெளியே வந்ததும் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"மூணு தட்டுனா தெறக்கணும்னு தெரியாதாய்யா உனக்கு? எவ்ளோ நேரம்... எதுக்கு பலகைய போட்ட? ஏன்யா போட்ட?" அறைந்துவிட்டு அவன் சட்டையையே பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. அவள்தான். பதினாலு வருஷமாகக் கேட்ட அழுகை.

ஷெட்டு வாசலில் மணலில் தூக்கு மட்டும் இருந்தது. மூடி இல்லாமல். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவன் எட்டிப் பார்க்கவில்லை. அவளுக்கும் காட்டவில்லை. கீழே நின்றதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம். இல்லை, சொல்லவே வேண்டாம். ஸ்பேனர், துப்பாக்கி, பசை டப்பா எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. லாரி, பாய் சொன்ன வேலை, எதுவும் ஞாபகத்தில் இல்லை. வண்டியை எடுத்தான். நான்கு உதையில் கிளம்பியது.

அந்த ரோடு.

மண்மேட்டுக்கு மேலே வானம் கொஞ்சம் சிவந்திருந்தது. கீழே இருட்டு. ஹெட்லைட் வெளிச்சத்தில் கால்வாய்த் தண்ணீர் கூடவே ஓடிவந்தது. எப்போதும் மலர்கொடி ஒருக்களித்து உட்கார்ந்து, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழி நெடுக ஏதாவது பேசிக்கொண்டு வருவாள். இன்றைக்கு அவன் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ரெண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து அவன் வயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். சட்டையில் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்தது. அவனுக்கு அது பிடித்திருந்தது. குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டான்.

மேடே இல்லாத ரோடு அது. ஆனாலும் வண்டி இழுக்கவில்லை. மேட்டில் ஏறுகிற மாதிரி முக்கியது. கியரை மாற்றிப் பார்த்தான். பின் டயர் காற்று குறைந்த மாதிரி அமுங்கி அமுங்கி வந்தது. தூரத்தில் மந்தாரக்குப்பம் விளக்குகள் தெரிந்தன. ஒரு கிலோமீட்டர் இருக்கும். அவ்வளவுதான் தூரம்.

மலர்கொடியின் தாடை அவன் தோளில் அழுந்தியது. தூக்கக் கலக்கத்தில் சொல்கிற மாதிரி, அலுப்போடு சொன்னாள்.

"கொஞ்சம் முன்ன தள்ளிக் குந்து மாமா... பின்னாலேருந்து நெருக்குது."